நாஸ் டிஸ்க் நடுராத்திரியில் தானாக எழுகிறது. ரைட் கேஷை அணைக்கலாமா?

கோடம்பாக்கம் ஸ்டூடியோ:
வணக்கம். கல்யாண வீடியோ எடிட் செய்யும் சின்ன ஸ்டூடியோ எங்களுடையது. எங்கள் நாஸ் (நெட்வொர்க் வழியே ஃபைல் சேமிக்கும் பெட்டி) நாலு டிஸ்க் போட்ட லினக்ஸ் பெட்டி, ரெய்டு 5 (ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றவற்றை வைத்து மீட்கும் அமைப்பு), ஃபைல்சிஸ்டம் ஈஎக்ஸ்டி4. ராத்திரி ஏசி ஓடாது. இந்த வெயில் காலத்தில் அறை வெந்துபோகிறது. அதனால் பத்து நிமிடம் வேலை இல்லையென்றால் டிஸ்க் நிற்கும்படி எச்டிபார்மில் (டிஸ்க் செட்டிங் மாற்றும் கமாண்ட்) பெரிய எழுத்து எஸ் 120 வைத்திருக்கிறோம். நிற்கவும் செய்கிறது. ஆனால் ஆளே இல்லாத நேரத்தில் நாலும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு மறுபடி நிற்கின்றன. பகலில் வேறு தொல்லை: டீ குடித்துவிட்டு வந்து டைம்லைனைத் தொட்டால், டிஸ்க் எழுவதற்குள் "ஃபைல் இல்லை" என்று சொல்லிவிடுகிறது.

இன்னொன்று. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போது சில சமயம் பெட்டி ரீஸ்டார்ட் ஆகிறது. ரைட் கேஷை (எழுத வேண்டியதை டிஸ்க் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி) அணைத்துவிடு என்கிறார்கள். அணைத்தால் காப்பி நகரவே மாட்டேன் என்கிறது. உள்ளே இருப்பது அடுத்தவர் வீட்டுக் கல்யாணம், திரும்ப எடுக்க முடியாது. என்ன செய்யலாம்?

அடையாறு லினக்ஸ்:
சார், டைமரை இப்போதைக்குத் தொடாதீர்கள். எது எழுப்புகிறது என்று தெரியாமல் எண்ணை மாற்றிப் பயனில்லை. ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் பட்டியல்) 4 என்று எண் போட்ட வரி மோட்டார் நின்று கிளம்பிய கணக்கு, 193 என்று எண் போட்ட வரி, படித்து எழுதும் ஹெட் ஒதுங்கிய கணக்கு. ராத்திரி பூட்டும்போது இரண்டையும் குறித்து, காலையில் மறுபடி பாருங்கள். 193 மட்டும் எக்கச்சக்கமாக ஏறினால் ஏபிஎம் (டிஸ்க்கின் மின்சேமிப்பு செட்டிங்) பிரச்சினை. எச்டிபார்மில் பெரிய எழுத்து பி 254 வைத்துப் பார்க்கலாம்.

கோடம்பாக்கம் ஸ்டூடியோ:
பார்த்தேன். இரண்டும் ஒரே அளவுதான் ஏறியிருக்கிறது. வாட்ச்மேன் அண்ணனிடம் சத்தம் வரும் நேரத்தைக் குறிக்கச் சொன்னேன். அரை மணிக்கு ஒரு தடவை வருகிறதாம்.

அடையாறு லினக்ஸ்:
அப்போ ஏபிஎம் இல்லை. அரை மணி என்றதும் எனக்கு ஸ்மார்ட்டிடி (பின்னணியில் ஓடி டிஸ்க்கைக் கண்காணிக்கும் சர்வீஸ்) மேல்தான் சந்தேகம். அது 1800 நொடிக்கு ஒரு தடவை டிஸ்க்கிடம் நலம் விசாரிக்கும். பல டிஸ்க்குகள் அதற்குப் பதில் சொல்லவே எழுந்துவிடும். அதன் கான்ஃபிக் ஃபைலில், டிஸ்க் பெயர் இருக்கும் வரியில், சின்ன எழுத்து என் போட்டு (-n) ஸ்டாண்ட்பை என்று சேர்த்து சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். தூங்கும் டிஸ்க்கை விட்டுவிடும்.

பகல் தொல்லைக்கு: பெரிய எஸ்ஸில் 240 வரை ஒவ்வொரு எண்ணும் 5 நொடி. 241 என்றால் நேராக அரை மணி, 242 ஒரு மணி. 0 என்றால் நிற்கவே நிற்காது. காலையில் 0, ராத்திரி 120 என்று கிரானில் (குறித்த நேரத்தில் கமாண்டைத் தானே ஓட்டுவது) இரண்டு வரி போதும். எடிட் செய்யும் நேரத்தில் டிஸ்க் தூங்குவதில் எந்த லாபமும் இல்லை.

அம்பத்தூர் சர்வர் ரூம்:
கேஷ் பற்றி நான் சொல்கிறேன். ஈஎக்ஸ்டி4 தேவையான இடத்தில் "கேஷில் இருப்பதைத் தட்டில் எழுது" என்று டிஸ்க்குக்கு உத்தரவு கொடுக்கும். மவுண்ட் வரியில் நோபேரியர் (இந்த உத்தரவை நிறுத்தும் ஆப்ஷன்) இருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள். உத்தரவை மதிக்கும் டிஸ்க்கில் கேஷ் ஓடலாம். கரண்ட் போனால் ஃபைல்சிஸ்டம் பிழைக்கும், கடைசியாக எழுதிக்கொண்டிருந்த காப்பி மட்டும் போகும். அதனால் கேமரா கார்டை உடனே ஃபார்மேட் செய்யாதீர்கள். காப்பி முடிந்ததும் சிங்க் (பாக்கியை டிஸ்க்கில் எழுதச் சொல்லும் கமாண்ட்) கொடுத்து, செக்சம் (இரண்டு ஃபைலும் ஒன்றா என்று காட்டும் எண்) ஒத்துப்பார்த்த பிறகு செய்யுங்கள்.

நான் அதிகம் பயப்படுவது ரெய்டு 5ஐ நினைத்து. டேட்டா எழுதி பாரிட்டி (செத்த டிஸ்க்கை மீட்க உதவும் கணக்கு) எழுதுவதற்குள் கரண்ட் போனால் இரண்டும் ஒத்துப்போகாது. அந்த நிலையில் ஒரு டிஸ்க்கும் செத்தால், அதிலிருந்ததைக் கணக்குப் போட்டு மீட்கும்போது தப்பான டேட்டா வரும். கேஷை அணைத்தாலும் இந்த ஓட்டை அடைபடாது. ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்த வேண்டும். இன்வெர்ட்டரின் பின்பக்கம் யுபிஎஸ் மோடு ஸ்விட்ச் இருக்கிறதா? நார்மலில் இருந்தால் மாறும் நேரம் கூடும்.

கோடம்பாக்கம் ஸ்டூடியோ:
ஸ்விட்ச் இருக்கிறது சார், நார்மலில்தான் இருந்தது. மாற்றிவிட்டேன். ஸ்மார்ட்டிடி வரியும் சேர்த்தாச்சு, நேற்று ராத்திரி சத்தமே இல்லை என்றார் வாட்ச்மேன் அண்ணன். கேஷ் ஓடட்டும் என்று விட்டிருக்கிறேன். இனி தனி யுபிஎஸ் தேவையா?

அம்பத்தூர் சர்வர் ரூம்:
தேவை. யுஎஸ்பி கேபிள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பேட்டரி இறங்கும்போது பெட்டி தானே ஒழுங்காக ஷட்டவுன் ஆக அந்தக் கேபிள் வேண்டும். அதுவரை மெயின் கரண்ட் இருக்கும்போது மட்டும் பெரிய காப்பி போடுங்கள். இந்த வாரமே ஒரு தடவை ரெய்டு செக் ஓட்டி, மிஸ்மேட்ச் எண்ணை (டேட்டாவும் பாரிட்டியும் ஒத்துப்போகாத கணக்கு) இங்கே போடுங்கள்.