சியாச்சின் பணியில் களம் கற்றுத் தந்தவை

கேள்வி:
1984 ஏப்ரல் முதல் நம் படை லடாக்கின் உயர்ந்த சியாச்சின் பனியாற்றில் நிற்கிறது. அங்கே பணியாற்றி ஓய்வு பெற்ற ஐயாமார்கள், அனுபவத்தில் கற்றதைச் சொல்ல வேண்டுகிறேன். என் தம்பி அடுத்த மாதம் அங்கே செல்கிறான்.

முன்னாள் ஹவில்தார்:
குளிரைவிட வியர்வைக்கு அஞ்சச் சொல்லுங்கள், தம்பி. சுமையோடு ஏறும்போது சுரக்கும் வியர்வை, நின்ற சிறிது நேரத்திலேயே காலுறைக்குள் உறைந்து விரல்களை மரத்துப்போகச் செய்யும் என்பதால், கூடாரம் சேர்ந்ததும் முதல் வேலையாகக் காலுறையை மாற்றி, ஈரமானதைச் சட்டைக்குள் வயிற்றோடு அணைத்து உலர்த்துவேன். துப்பாக்கி இரும்பை வெறுங்கையால் தொடவே கூடாது. தோல் ஒட்டிக்கொண்டு உரிந்துவிடும்.

முன்னாள் சுபேதார்:
ஹவில்தார் சொன்னது முற்றிலும் உண்மை. கயிற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பனிப்பிளவுகளின் வாயைப் புதுப்பனி மூடிவிடுவதால், எல்லோரும் ஒரே கயிற்றில் பிணைந்து, அது தொய்யாதபடி இடைவெளி விட்டு, முன்னே செல்பவரின் காலடித் தடத்திலேயே கால் வைத்து நடக்க வேண்டும். கயிறு தொய்ந்திருந்தால், ஒருவர் விழும் வேகம் அடுத்தவரையும் இழுத்துவிடும்.

முன்னாள் படை மருத்துவ உதவியாளர்:
விடாத தலைவலியையும் இருமலையும் வீரம் என்று எண்ணி மறைக்க வேண்டாம். அவை உயரம் உடலுக்கு ஒத்துக்கொள்ளாததன் அறிகுறிகளாக இருக்கலாம். நுரையீரலில் நீர் கோத்தால், நோயாளியை உடனே உயரம் குறைந்த இடத்துக்குக் கீழே இறக்கியாக வேண்டும்.