பொருள்: நொதி மரபணுவின் ‘வெளிப்பாட்டு வரைபடம்’ – வேறு சொல் உண்டா?

அன்புடையீர்,

நொதிகள் பற்றிய பாடநூல் இயல் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குத் தரவேண்டும். நோயற்ற சுண்டெலியின் எந்தெந்தத் திசுக்களில் ரெனின் என்னும் நொதிக்கான மரபணு செயற்பட்டு அதன் ஆர்.என்.ஏ. படி எடுக்கப்படுகிறது என்று தேடிக் குறிப்பதை ‘மரபணு வெளிப்பாட்டு வரைபடம்’ என்று எழுதியிருந்தேன். ‘மரபணு வரைபடம்’ என்றதும் மாணவர்கள் குரோமோசோமில் மரபணு இருக்கும் இடத்தை நினைக்கிறார்கள்; ‘வெளிப்பாடு’ என்றால் சுரந்து வெளிவருவதாகக் கொள்கிறார்கள். ரெனினுக்கு இது சிறு குழப்பம் அன்று. அதன் ஆர்.என்.ஏ. சிறுநீரக நுண்தமனிச் சுவரின் சில செல்களில் செறிந்திருக்க, நொதியோ குருதியில் கலந்து உடலெங்கும் சுற்றுகிறது.

———

ஐயா, ‘வெளிப்படு’ என்னும் வினையில் சுரத்தற்பொருள் இல்லை. ஆயினும் மாணவர் மயங்குவதால் ‘துலங்கல்’ என்னும் என் பழைய பரிந்துரையை மீண்டும் வைக்கிறேன். மறைந்திருந்தது விளங்கித் தோன்றுதலே துலங்குதல். வரைபடத்துக்குத் ‘திணை’ பொருந்தும். தொல்காப்பியர் திணைக்குரிய முதற்பொருளை நிலமும் பொழுதும் என வகுத்தார்; மரபணுவும் இன்ன திசுவில், இன்ன வளர்பருவத்தில் என்றே செயற்படுகிறது. ஆகவே ‘துலங்குதிணை’.

———

சொல் அழகுதான், ஆனால் உளவியல் பாடத்தில் தூண்டலுக்கு இணையாகத் துலங்கல் எப்போதோ குடியேறிவிட்டது. திணை என்றால் மாணவர் உயர்திணை, அஃறிணைக்குப் போய்விடுவர். பெயரிடுமுன் முறையைப் பாருங்கள். சுண்டெலியின் சில கால்வழிகளில் இரண்டாவது ரெனின் மரபணு ஒன்று உண்டு. அது கீழ்த்தாடை உமிழ்நீர்ச் சுரப்பியில் மிகுதியாகச் செயற்படும். சுரப்பியை அரைத்து ஆர்.என்.ஏ. எடுத்தால் அங்கே உண்டு என்பது மட்டும் தெரியும். மெல்லிய திசுத் துண்டத்தின் மேல், அந்த ஆர்.என்.ஏ.வோடு மட்டும் இணையும் அடையாளமிட்ட இழையை இட்டால்தான் எந்தச் செல் என்று தெரியும். முன்னதைத் ‘திசுவாரிப் பரவல்’ என்றும், பின்னதைச் ‘செல்வாரி இடங்காட்டல்’ என்றும் பிரிக்கலாம். ‘வெளிப்பாடு’ பல நூல்களில் வேரூன்றிவிட்டது. அதைப் பிடுங்க வேண்டாம்.

———

நம் குழுவில் மூவர் ‘பரவல்’ பக்கம் நிற்பதால் தலைப்பில் ‘மரபணு வெளிப்பாட்டின் திசுவாரிப் பரவல்’ என்று இடுகிறேன். ‘வரைபடம்’ படத்தின் கீழ் மட்டும் வரும். குரோமோசோம் மயக்கத்துக்கு ஓர் அடிக்குறிப்பும் சேர்க்கிறேன்.

———

அச்சுக்குப் போகட்டும், என் மறுப்பையும் பதிந்துகொள்ளுங்கள். குருதியோடு பரவுவது நொதி. மரபணு எங்கும் பரவுவதில்லை. ஏறத்தாழ எல்லாச் செல்லிலும் இருந்துகொண்டு, சிலவற்றில் மட்டும் துலங்குகிறது. எந்தக் குழப்பத்துக்கு அஞ்சி ‘வெளிப்பாட்டை’ ஐயுற்றோமோ, அதையே ‘பரவல்’ தலைப்பில் ஏற்றிவிட்டது.