ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஆட என்ன விளையாட்டு சரிப்படும்?

குடமுருட்டிக்கரை:

எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கம். சனிக்கிழமை ராத்திரி ஆனால் இவரோடு படித்த சிநேகிதர்கள் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். கும்பகோணத்திலிருந்து ஒரு குடும்பம், வலங்கைமானிலிருந்து ஒன்று, அப்புறம் எதிர்வீட்டுக்காரர்கள். இட்லி, கடப்பா, ஒரு தேங்காய்ச் சட்னி, அவ்வளவுதான் சமையல். வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. போன தடவை அசோகா அல்வா வந்தது. சாப்பாட்டில் ஒரு குறையும் கிடையாது. எட்டரைக்கு இலை எடுத்த பிறகுதான் வம்பு.

ஆண்கள் சீட்டுக்கட்டோடு திண்ணைக்குப் போய்விடுவார்கள். பெண்கள் நாங்கள் பாத்திரத்தோடு அடுக்களையில். பிள்ளைகள் ஆளுக்கொரு போனோடு ஊஞ்சலில். ஒரே வீட்டுக்குள் மூன்று கூட்டம். வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கிறோம், அங்கே அரைமணி நேரம் பேச்சு ஓடுகிறது! அதை முன்னாலேயே உள்ளே உட்கார்ந்து பேசினால் என்ன என்று எனக்குத் தோன்றும்.

முயற்சி பண்ணாமல் இல்லை. அந்தாக்ஷரியில் பாடத் தெரிந்த இரண்டு பேர் பாடிக்கொண்டே இருந்தார்கள், மற்றவர்கள் ரசிகர்கள். சென்னையிலிருந்து வந்த என் தம்பி மாஃபியா சொல்லிக் கொடுத்தான், கூட்டத்தில் ஒளிந்திருக்கிற கொலைகாரர் யார் என்று கண்டுபிடிக்கிற ஆட்டம். முதல் சுற்றிலேயே எல்லோரும் சேர்ந்து என் மாமனாரைக் கொலைகாரர் என்று கைகாட்டிவிட்டார்கள். அவர் எழுந்து படுக்கப் போய்விட்டார். ஊனோ சீட்டில் அத்தைக்கு ராத்திரி வெளிச்சத்தில் பச்சையும் நீலமும் ஒன்றாகத் தெரிகிறது.

எங்கள் நிலைமை இது: வயது எட்டிலிருந்து எழுபத்திரண்டு வரை. மாமனாருக்கு மூட்டு வலி, நாற்காலிதான். காசு வைத்து ஆடக் கூடாது. கரண்ட் போனாலும் ஆட்டம் நிற்கக் கூடாது. பத்தரைக்குள் முடிய வேண்டும், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. என்ன ஆடலாம்?

நீடாமங்கலம் ஜங்ஷன்:

முதலில் ஒன்று. சீட்டாட்டத்தை வில்லன் ஆக்காதீர்கள் சகோதரி. ரம்மி மூளைக்கு வேலை. திறமை ஆட்டம்தான் என்று 1967லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. இரண்டு கட்டைக் கலந்தால் ஆறு பேர் தாராளமாக உட்காரலாம், ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. பெண்களும் வந்து உட்காரட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? நாங்கள் அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் விடிய விடிய ஆடியிருக்கிறோம். காசு கிடையாது, புள்ளிதான்.

திருவாரூர்ப் பையன்:

பெரிய கூட்டத்துக்கு டம்ப் ஷெராட்ஸ்தான். வாய் திறக்காமல் சைகையில் படத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். இரண்டு அணி, ஒரு படத்துக்கு இரண்டு நிமிஷம். ஒரே ஒரு விதி சேர்த்துக்கொள்ளுங்கள்: பெரியவர்களுக்குப் புதுப் படம், பிள்ளைகளுக்குக் கறுப்பு வெள்ளைக் காலத்துப் படம். அப்போதுதான் பிள்ளைகள் தாத்தாவிடம் போய்க் கேட்டாக வேண்டும். எங்கள் வீட்டில் சித்தப்பா ஒரு தடவை ரயிலாக நடிக்கப் போய் வேட்டி தூண் கம்பியில் மாட்டிக் கிழிந்தது. படம் என்னவோ கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை.

சத்தம்தான் பிரச்சினை. கைக்குழந்தை இருக்கிற பக்கத்துக்கு ஒத்துவராது.

மணல்மேடு கேரம்:

கேரம் யாரும் சொல்லவில்லையே! 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் சென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கி வந்ததிலிருந்து எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு போர்டு தூசி தட்டி இறங்கியிருக்கிறது. நாலு பேர் ஆட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு போர்டு முடிந்ததும் தோற்ற ஜோடி எழுந்துவிட வேண்டும், அடுத்த ஜோடி உட்கார வேண்டும் என்று வைத்தால் பத்துப் பேருக்கும் முறை வரும். சிவப்பைப் போட்டால் மட்டும் போதாது, அடுத்ததாக உங்கள் காய் ஒன்றும் விழ வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதிச் சண்டை அங்கேதான்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வேண்டாம். மழை ஈரத்தில் பவுடர் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு விளக்கைப் போர்டுக்கு மேலே தொங்கவிட்டால் வயலிலிருந்து தத்துப்பூச்சி வந்து கொட்டும். ஸ்ட்ரைக்கரை அடித்தால் காய்க்கு முன்னால் பூச்சி உருளும்.

ஐயாற்றுக் கணக்கு டீச்சர்:

குடமுருட்டிக்கரை, தாயம் ஆடுங்கள்.

"அது இரண்டு கிழவிகள் மத்தியான வேளையில் ஆடுவது" என்று யாராவது சொல்வதற்குள் நானே பதில் சொல்லிவிடுகிறேன். நாலு பக்கம், பக்கத்துக்கு மூன்று பேர் என்றால் பன்னிரண்டு பேர் உட்காரலாம். எதிரும் புதிருமாக இருக்கிற இரண்டு பக்கமும் கூட்டு. கட்டையை மூன்று பேரும் முறைவைத்து உருட்ட வேண்டும், எந்தக் காயை நகர்த்துவது என்பதை மூன்று பேரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு பக்கத்தில் ஒரு பிள்ளை, ஒரு நடுவயது, ஒரு பெரியவர் என்று கலந்து போடுங்கள். புருஷன் பெண்டாட்டி ஒரே பக்கத்தில் வேண்டாம்; ஆட்டத்தில் பாதிச் சுவை அங்கே போய்விடும்.

நான் பார்த்தவரையில் சாப்பாட்டுக்குப் பின்னால் ஆடுகிற விளையாட்டுக்கு ஒரு குணம் வேண்டும். பாதியில் எழுந்து காபி போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாலும் ஆட்டம் புரிய வேண்டும். தோற்றவரை வெளியே தள்ளக் கூடாது. மாஃபியாவில் செத்தவருக்கு வேலை இல்லை, நூற்றியொன்று ரம்மியில் புள்ளி தாண்டியவருக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவர் கை போனைத் தேடும். தாயத்தில் கடைசிக் காய் நடுக்கட்டத்துக்குப் போய்ப் பழம் ஆகிற வரைக்கும் எல்லோரும் உள்ளேதான். (நீடாமங்கலத்துக்காரரே, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சரி. உங்கள் வீட்டு அடுக்களையில் என்ன தீர்ப்பு?)

பிள்ளைகளுக்கு அலுப்பு தட்டுவது எங்கே தெரியுமா, காயைக் கட்டத்தில் இறக்கத் தாயம் விழுவதற்குக் காத்திருக்கிற நேரத்தில். அதற்குக் கணக்கு இருக்கிறது. பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. ஆக மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது ஒன்று, இரண்டே விதத்தில்தான் வரும். சராசரியாக எட்டு உருட்டலுக்கு ஒரு தாயம். நாலு பக்கமும் தாயத்துக்காக உருட்டிக்கொண்டே இருந்தால் எட்டு வயதுப் பிள்ளை எழுந்து போகத்தான் செய்யும். ஐந்தும் இரண்டு விதத்தில் விழும். "தாயம் விழுந்தாலும் ஐந்து விழுந்தாலும் காய் இறங்கலாம்" என்று ஒரே ஒரு விதியைத் தளர்த்துங்கள், நாலுக்கு ஒன்று ஆகிவிடும். என் அம்மா இருந்திருந்தால் இதற்கு ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள். அவளுக்குப் பத்தரைக்குள் முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அடுத்தது கட்டம். ஏழுக்கு ஏழு போடாதீர்கள். எங்கள் வழக்கப்படி வெளிச்சுற்று, உள்சுற்று எல்லாம் சுற்றி நடுவுக்குப் போக ஒரு காய் 48 கட்டம் நடக்க வேண்டும். ஐந்துக்கு ஐந்து போட்டால் 24. பக்கத்துக்கு நாலு காய் போதும். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு பக்கத்திலும் நடுக்கட்டத்தில் பெருக்கல் குறி போடுங்கள், எங்கள் பக்கம் அதை மலை என்போம். மலையில் இருக்கிற காயை வெட்ட முடியாது. ஒரு வெட்டாவது வெட்டினால்தான் உள்சுற்றுக்குள் போகலாம் என்ற விதியை மட்டும் எக்காரணம் கொண்டும் தளர்த்தாதீர்கள். அது இல்லாவிட்டால் எல்லோரும் நல்ல பிள்ளைகளாக வரிசையில் நடந்து போவார்கள். சத்தமும் சிரிப்பும் வெட்டில்தான் இருக்கிறது.

பலகை வாங்க வேண்டாம். சிவப்பு சிமெண்டுத் தரையாக இருந்தால் சாக்பீஸ் போதும். காய்க்கு ஒரு பக்கம் உடைந்த வளையல் துண்டு, ஒரு பக்கம் புளியங்கொட்டை, ஒரு பக்கம் செங்கல் சில்லு, ஒரு பக்கம் சட்டைப் பொத்தான். உங்கள் அத்தைக்கு நிறம் தெரியாவிட்டாலும் தொட்டால் தெரியும். கரண்ட் போனால் நடுவில் ஒரு விளக்கு போதும்.

மாமனாரை நாற்காலியோடு கட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வையுங்கள். மத்தியஸ்தம் அவருடையது. காய் கோட்டில் நிற்கிறதா கட்டத்தில் நிற்கிறதா, கட்டை சுவரில் சாய்ந்து நின்றால் செல்லுமா செல்லாதா, எல்லாம் அவர் சொன்னதுதான். கொலைகாரர் பட்டம் கொடுத்ததற்குப் பிராயச்சித்தமாக இருக்கட்டும்.

குடமுருட்டிக்கரை:

டீச்சர், படித்துக்கொண்டே சிரித்துவிட்டேன். தாயக்கட்டை பரணில் இருக்கிறது, அத்தை சீராகக் கொண்டுவந்தது. ஆனால் பித்தளையைத் தரையில் உருட்டினால் தெருக்கோடி வரைக்கும் கேட்குமே? ஜமக்காளம் விரித்துப் பார்த்தோம், கட்டை உருளாமல் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது.

இன்னொன்று, பாத்திரம் யார் கழுவுவது என்பதற்கும் ஏதாவது கணக்கு இருக்கிறதா?

மணல்மேடு கேரம்:

பாத்திரத்துக்கு நான் சொல்கிறேன். போன ஆட்டத்தில் தோற்ற ஜோடி.

ஐயாற்றுக் கணக்கு டீச்சர்:

கேரம்காரர் சொன்னது நல்ல வழி. ஆனால் அதில் ஒரு ஓட்டை, முதல் வாரம் யாரும் தோற்றிருக்க மாட்டார்களே. அன்றைக்கு ஆண்கள் கழுவட்டும். வாழை இலை போட்டால் இட்லிக் குண்டான், கடப்பாப் பாத்திரம், கரண்டி, டம்ளர் தவிர வேறு என்ன இருக்கப் போகிறது? எட்டு கை சேர்ந்தால் கால் மணி நேரம். கடைசிப் பாத்திரம் கவிழ்க்கிற வரைக்கும் கட்டையைத் தொடக் கூடாது என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு வேகமாகக் கழுவுகிறார்கள் என்று தெரியும்.

சத்தத்துக்குப் புளியங்கொட்டை. ஆறு கொட்டை எடுத்து ஒரு பக்கத்தை மட்டும் கருங்கல்லில் தேய்க்க வேண்டும். முதலில் பழுப்புத் தோல் வழுவழுவென்று வழுக்கும், விரல் நுனி சூடாகும். கொஞ்ச நேரத்தில் தோல் விட்டுக்கொடுத்து உள்ளே வெள்ளை தெரியும். அந்த வெள்ளை பாதிக் கொட்டை அளவுக்குத் தட்டையாகிற வரைக்கும் தேய்க்கவும். அதற்கு மேல் போனால் கொட்டை ஒல்லியாகி எப்போதும் ஒரே பக்கமாக விழும். பிள்ளைகளிடம் கொடுங்கள், சாயங்காலம் முழுக்க அதிலேயே ஓடிவிடும். கோரைப்பாய் மேலே குலுக்கிப் போட்டால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. வெள்ளை எத்தனை தெரிகிறதோ அத்தனை. ஒன்றுகூடத் தெரியாமல் ஆறும் கவிழ்ந்தால் பன்னிரண்டு. சோழி இருந்தால் இன்னும் நல்லது, தேய்க்கிற வேலை இல்லை.

ஒரு எச்சரிக்கை. கட்டைக்குச் சொன்ன கணக்கு கொட்டைக்குப் பொருந்தாது. ஆறு கொட்டையில் நடுவில் இருக்கிற இரண்டு, மூன்று, நாலுதான் அதிகம் விழும். ஒன்று 64க்கு ஆறு தரம்தான், அதாவது பத்துக்கு ஒன்றுக்கும் குறைவு. அதனால் ஐந்திலும் இறங்கலாம் என்ற விதி இங்கே இன்னும் அவசியம்.

நீடாமங்கலம் ஜங்ஷன்:

சரி, சரி. தாயமே ஆடுங்கள். வைகுண்ட ஏகாதசிக்கு எங்கள் வீட்டிலும் கண்விழிக்கத் தாயமும் பரமபதமும்தான். விடிகாலை மூன்று மணிக்குப் பெரிய பாம்பு கடித்து அடிமட்டத்துக்கு வந்த பெரியப்பா, பகவானே சதி பண்ணிவிட்டார் என்று புலம்பியது இன்னும் காதில் இருக்கிறது. டீச்சர், ரம்மிக்கு அறுவடை முடிந்த மாசத்தையாவது விட்டுக்கொடுங்கள்.

ஐயாற்றுக் கணக்கு டீச்சர்:

பங்குனி உங்களுக்கு. மாசி கிடையாது, சிவராத்திரி வருகிறது.

குடமுருட்டிக்கரை:

நேற்று ஆடிப் பார்த்தோம். பத்தரைக்கு முடியவில்லை, எங்கள் பக்கத்துக் காய் இரண்டு இன்னும் வெளிச்சுற்றில்தான். எட்டு வயதுக்காரன் போனை எடுத்துக் கட்டத்தைப் படம் பிடித்து வைத்திருக்கிறான், அடுத்த சனிக்கிழமை அதே இடத்திலிருந்து தொடர வேண்டுமாம். சாக்பீஸ் கோட்டை அழிக்கக் கூடாது என்று உத்தரவு வேறு. கூட்டுகிறவள் நான்தானே!

மாமனார் ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னார். பன்னிரண்டு விழுந்தால் மறுபடி ஆடலாம் என்பது தெரியும். தொடர்ந்து மூன்று தரம் பன்னிரண்டு விழுந்தால் மூன்றும் செல்லாது என்று அவர் சொல்கிறார். கும்பகோணத்துக்காரர், மூன்றும் சேர்த்து முப்பத்தாறு நகர்த்தலாம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். எது சரி?

ஐயாற்றுக் கணக்கு டீச்சர்:

ஊருக்கு ஊர் வேறு. எங்கள் வீட்டில் செல்லாது. கட்டை இரண்டும் வெறுமையாக விழுந்தால்தான் பன்னிரண்டு; தொடர்ந்து மூன்று தரம் அப்படி விழ 4096க்கு ஒரு வாய்ப்புதான், உண்மையிலேயே விழுந்ததா, இல்லை விவாதம் மட்டும்தானா? எப்படியிருந்தாலும் மத்தியஸ்தர் மாமனார். கும்பகோணத்துக்காரரைப் பாத்திரம் கழுவச் சொல்லுங்கள்.