மினிடிவி (MiniDV) வீடியோ கசற்றில் பூஞ்சை, படம் கட்டங்கட்டமாக உடைகிறது

வணக்கம். 1990 ஜூனில் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த மயிலிட்டி மீனவர்களைப் பற்றி ஆவணப்படம் செய்கிறேன். 2005இல் மல்லாகம் கோணப்புலம் முகாமில் எடுத்த ஒன்பது மினிடிவி கசற்றுகளில் இரண்டு சரியாக ஓட மறுக்கின்றன.

கமரா சோனி பிடி170, பதிவு சோனியின் டிவிகேம் (DVCAM) முறையில். முதல் பன்னிரண்டு நிமிடம் சுத்தம். அப்புறம் படம் குறுக்குப் பட்டைகளாக உடைகிறது, ஒலி விட்டுவிட்டு வருகிறது. கசற் மூடியைத் திறந்து பார்த்தால் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி. இருபது வருடம் யாழ்ப்பாணத்து அலுமாரியில் கிடந்தால் வேறென்ன ஆகும்!

கமராவில் நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைக்கும் கிளீனர் கசற் போட்டேன். முழுதாக முன்னும் பின்னும் சுற்றினேன். நண்பரின் பனசோனிக் கமராவில் டிவிகேம் ஓடவே இல்லை. கமராவைக் கணினியோடு இணைக்கும் ஃபயர்வயர் கேபிளையும் மாற்றிப் பார்த்தாயிற்று. போன வாரம் மறுபடி ஓட்டியதில் பிடி170இன் ஹெட்டே அடைத்துக்கொண்டது, நல்ல கசற்றும் உடைந்து தெரிந்தது. துடைத்துச் சரிசெய்தேன், இனித் தொடப் பயம்.

உடையும் பகுதியில்தான் ஒரு பெரியவர் ஈர்க்கால் மணலில் தன் வீட்டைக் கீறிக் காட்டுகிறார்: இது விறாந்தை, இது கிணறு, இதிலே வலை காயப்போடுறது. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகத்தை இராணுவம் விடுவித்தபோது அவர் உயிரோடு இல்லை. திரும்ப எடுக்க வழியில்லை.

பூஞ்சை பிடித்த மினிடிவி நாடாவைத் துப்புரவாக்கிப் பிரதியெடுத்துத் தரும் இடம் கொழும்பிலோ சென்னையிலோ இருக்கிறதா?