பனையால் விழுந்தவருக்கு முதலில் பிரஷர் மருந்தா, ஓப்பரேசனா?

பனங்கூடல்:
எங்கள் ஊரில் சீவல் தொழில் செய்யும் அண்ணை ஒருவர் நேற்று விடியப் பனையால் விழுந்துவிட்டார். மேல் முதுகில் முள்ளெலும்பு நொறுங்கி, நெஞ்சுக்குக் கீழே அசைவில்லை. ஆஸ்பத்திரியில் ஐசியூவில் வைத்து பிரஷரை ஏற்றும் மருந்து ஓடவிட்டிருக்கிறார்கள். ஓப்பரேசன் இன்னும் நடக்கவில்லை. எலும்பு உடைந்தவருக்கு எதற்குப் பிரஷர் மருந்து என்று வீட்டுக்காரர் கேட்கிறார்கள். விளங்கியவர்கள் சொல்லுங்கள்.

வடமராட்சித் தாதி:
சரியான வேலைதான் நடக்கிறது தம்பி. முதுகெலும்புக்குள் இறங்கும் நரம்புத் தண்டுதான் முண்ணாண். அதன் முன்பக்கம் நெடுக ஓடுவது ஒரே ஒரு நாடி, அதாவது இரத்தக் குழாய், பின்பக்கம் இரண்டு. அந்த முன் நாடிதான் முண்ணாணின் மூன்றில் இரண்டு பங்குக்கு இரத்தம் கொடுக்கிறது. கழுத்திலிருந்து இறங்கும் இரத்தம் மட்டும் அதற்குப் போதாது, இதயத்திலிருந்து இறங்கும் பெருநாடியின் கிளைகள் வழியில் வந்து சேர வேண்டும். அவற்றில் பெரியதான அடம்கீவிச் நாடி பெரும்பாலும் இடது பக்கம், நெஞ்சு முள்ளெலும்புகள் முடிகிற இடத்தை ஒட்டி நுழைகிறது. நடு நெஞ்சுப் பகுதிக்கு வரும் கிளைகள் குறைவு.

சுகமாக இருக்கும்போது பிரஷர் ஏறி இறங்கினாலும் முண்ணாண் தன் குழாய்களைச் சுருக்கி விரித்து ஓட்டத்தைச் சமமாக வைத்துக்கொள்ளும். அடிபட்ட இடத்தில் அந்தச் சக்தி போய்விடுகிறது. பிரஷர் விழுந்தால் ஓட்டமும் விழும். கழுத்திலோ மேல் நெஞ்சிலோ அடிபட்டவருக்குப் பிரஷர் விழவே செய்யும், ஏனென்றால் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் நரம்புகளும் அறுபடுகின்றன. இரத்தம் இழந்தவருக்குக் கை கால் குளிர்ந்து நாடித்துடிப்பு ஓடும். இவர்களுக்குத் தோல் சூடாக, காய்ந்து இருக்கும், துடிப்பு 50க்கு இறங்கும். பனையால் விழுந்தவனை மாடேறி மிதிக்கிறது என்பது இதுதான்.

நல்லூர்ப் பக்கம்:
பிரஷர் விழக்கூடாது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சராசரிப் பிரஷரை 85–90இல் 7 நாள் பிடிக்க வேண்டும் என்று 2013இல் அமெரிக்க வழிகாட்டி சொன்னதற்குப் பின்னால் பெரிய ஒப்பீட்டு ஆய்வு எதுவும் இருக்கவில்லை. 2024இல் வந்த புதிய வழிகாட்டி கீழெல்லையை 75–80க்கு இறக்கி, நாளையும் 3 முதல் 7 என்று தளர்த்தியது. அதையும் பலவீனமான பரிந்துரை என்றே எழுதியிருக்கிறார்கள். மருந்து சும்மா ஓடுவதில்லை. வயதானவரின் இதயம் தாளம் தப்பும், கிழிந்த சிறு குழாய்களில் கசிவு கூடலாம் என்ற பயமும் உண்டு. எலும்பு குத்திக்கொண்டு நிற்கும்போது மேலிருந்து தள்ளி என்ன பயன்? 24 மணித்தியாலத்துக்குள் அதை எடுக்கப் பாருங்கள்.

வடமராட்சித் தாதி:
நீங்கள் இரண்டையும் பிரித்துவிட்டீர்கள். முண்ணாணுக்குக் கிடைக்கும் அழுத்தம் என்பது சராசரிப் பிரஷரிலிருந்து உள்ளே வீங்கி நிற்கும் அழுத்தத்தைக் கழித்தால் வருவது. ஓப்பரேசன் கழிபடுவதைக் குறைக்கிறது, மருந்து முதலாவதைக் கூட்டுகிறது. பெருநாடி ஓப்பரேசன்களில் கால் அசைவு போனவர்களுக்குப் பிரஷரை ஏற்றி, முண்ணாணைச் சுற்றியுள்ள தண்ணீரை முதுகால் வடிய விட்டு, அசைவு திரும்பியிருக்கிறதே!

நல்லூர்ப் பக்கம்:
அது நசுங்காத முண்ணாண். இரத்தம் மட்டும் நின்ற இடத்தில் பலித்தது நொறுங்கிய இடத்தில் பலிக்கும் என்று எப்படிச் சொல்வது?

பனங்கூடல்:
இன்னொன்று கேட்க வேண்டும். கண்ணை மூடச் சொல்லி டொக்டர் அவருடைய கால் பெருவிரலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். எந்தப் பக்கம் என்று பிழையில்லாமல் சொன்னார். ஆனால் ஊசியால் குத்தினது அவருக்குத் தெரியவே இல்லை.

வடமராட்சித் தாதி:
அப்படியென்றால் முண்ணாணின் பின்பகுதி வேலை செய்கிறது. அதற்கு இரத்தம் வருவது பின் நாடிகளால். நோவு தெரிவதும் அசைவும் முன் நாடியின் பங்கு. அந்த நாடியின் ஓட்டத்தைத்தான் மருந்தால் காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

நல்லூர்ப் பக்கம்:
உடைந்த எலும்பு முன்னாலிருந்து அழுத்தினாலும் இதே குறிதான் வரும் அக்கா. ஓட்டம் நின்றதா, நசுங்கியதா என்று பெருவிரல் சொல்லாது. எம்ஆர்ஐ பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வடமராட்சித் தாதி:
அது உண்மை. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அதனால்தான் மருந்து ஓடட்டும் என்கிறேன். மயக்க மருந்து கொடுத்ததுமே பிரஷர் இன்னும் விழும். சராசரி என்பது கீழ் எண்ணோடு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுவது. 80க்கு 40 என்றால் சராசரி 53தான், அந்த நிலையில் மேசையில் ஏற்றினால் எலும்பை எடுப்பதற்குள் மிஞ்சியிருக்கும் பகுதியும் போய்விடும்.

நல்லூர்ப் பக்கம்:
பிரஷரை நிமிர்த்திவிட்டு ஏற்றுங்கள், சம்மதம். 85ஐ எட்டவில்லை என்று ஓப்பரேசனை அடுத்த நாளுக்குத் தள்ளுவதைத்தான் என்னால் ஏற்க முடியாது. பனங்கூடல், வீட்டுக்காரரை இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். எம்ஆர்ஐயில் எலும்பு முண்ணாணை அழுத்துகிறதா? அழுத்தினால் ஓப்பரேசன் எத்தனை மணிக்கு?

பனங்கூடல்:
பின்னேரம் பார்வையாளர் நேரத்துக்குப் போகிறேன். இரண்டையும் கேட்டு எழுதுகிறேன்.