அப்பாவின் தசை இளைப்பு ரத்த டெஸ்டில் தெரியுமா?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. வேட்டி இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது, மாடிப்படி ஏறினால் தொடை நடுங்குகிறது. சிறுநீரகத்துக்காக எடுக்கும் ரத்த டெஸ்டில் கிரியாட்டினின் 0.6 தான், கவலை வேண்டாம் என்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

பதில் 1: கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்தாலும் அது குறையும். சிஸ்டாட்டின் சி என்பதும் சிறுநீரகத்துக்கான ரத்த டெஸ்ட்தான், ஆனால் அந்த அளவுக்குத் தசையைச் சார்ந்ததில்லை. அதையும் எடுத்து இரண்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள்.

பதில் 2: நான் பிசியோதெரபிஸ்ட். ரத்த டெஸ்ட் மட்டும் போதாது அக்கா. தசை இளைப்புக்கான 2019 ஆசிய வழிகாட்டுதலில் ஆண்களுக்குக் கைப்பிடி வலு 28 கிலோவுக்குக் கீழே போனால் குறைவு. கெண்டைக்கால் சுற்றளவு 34 செ.மீ.க்குக் குறைந்தாலும் சந்தேகப்பட வேண்டும். தையல் டேப் போதும்.

கேட்டவர்: இப்போதுதான் கெண்டைக்காலை அளந்தேன், 31 செ.மீ. நாளைக்கே முதியோர் மருத்துவரிடம் கூட்டிப் போகிறேன். சிஸ்டாட்டினும் கேட்கிறேன்.