பாப்3, ஐமேப் – தமிழ்ல என்ன பேர்? (வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்)

முதல் மடல்:
எல்லாருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் பசங்களுக்குத் தமிழ்ல பாடக்குறிப்பு எழுதிட்டிருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். மின்னஞ்சல், வழங்கி (சர்வர்) எல்லாம் சிக்கலில்ல, வழங்கியில இருக்கிற மெயில வாங்கிப் படிக்கிற ரெண்டு முறையான பாப்3, ஐமேப் வர்ற எடத்துல நின்னுட்டேன். பேர விரிச்சு மொழிபெயர்த்தா 'அஞ்சலக நெறிமுறை', 'இணையச் செய்தி அணுகல் நெறிமுறை'ன்னு வருது, இதப் படிச்சு எதுல மெயில் எங்க இருக்கும்னு எந்தப் பையனுக்கும் தெரியாது. பாப்3 மெயில நம்ம கம்ப்யூட்டருக்கு எடுத்துட்டு வந்துரும், வழக்கமா வழங்கியில அழிச்சிரும். ஐமேப்ல மெயில் வழங்கியிலேயே இருக்கும், போன்ல படிச்சா லேப்டாப்லயும் படிச்சதாக் காட்டும். இது பேர்லயே தெரியணும். 'இறக்குநெறி', 'அணுகுநெறி' சரியா?

மறுமொழி 1:
தம்பி, அணுகுநெறி நல்ல வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி மூணு காலத்துக்கும் நிக்கும். இறக்குநெறி வேண்டாம். இறங்கு தன்வினை, இறக்கு பிறவினைன்னு நமக்குத் தெரியும், பையன் 'இறக்கும் நெறி'ன்னுதான் வாசிப்பான், சாவு நெனப்பு வந்துரும். 'முகநெறி'ன்னு வைங்க. முகத்தல்னா மொள்றது, முகத்தல் அளவைன்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சதுதான். குடத்துல மொண்டு வீட்டுக்குக் கொண்டு போறது பாப், கெணத்தடியிலேயே நின்னு குளிக்கிறது ஐமேப். கடல் நீர முகந்துட்டு வர்றதாலதான் முகில்னு பேரு வந்துச்சுங்கிறது என் எண்ணம், அவ்ளோ பழைய வேர் இது, விடக் கூடாது.

மறுமொழி 2:
அய்யா, முகநெறின்னா எல்லாருக்கும் முகநூல்தான் ஞாபகம் வரும். அதோட கிளவுடுக்கு முகில்னு எழுதுறவங்க இருக்காங்க, மெயில் முகில்லயே கெடக்கிறது ஐமேப், நீங்க அதே வேர பாப்புக்குக் குடுக்கறீங்க. என் கருத்து, பாப், ஐமேப்னே எழுதிரலாம். மெயில் செட்டிங்ல 995, 993ன்னு போர்ட் எண் போடுற திரையில அப்படித்தான இருக்கு? வடவெழுத்த நீக்கி வடசொல்ல எடுத்துக்கத் தொல்காப்பியரே வழி விட்டிருக்கார். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் பாப் போட்டு வெச்சிருந்தார், ஹார்ட் டிஸ்க் போச்சு, ஏழு வருஷ மெயிலும் அதோட போச்சு. அவருக்கு வேண்டியிருந்தது 'வழங்கியில் நகல் வைத்திரு'ங்கிற பெட்டில ஒரு டிக், கலைச்சொல் இல்ல.

மறுமொழி 3:
அம்மா, அந்த டிக்க அவர் ஏன் போடல? அந்த வரி அவருக்குப் புரியிற மொழியில இல்ல. அதுக்குத்தான இந்தப் பாடு. தொல்காப்பியர் சொன்னது சொல்லுக்கு, பாப் வெறும் எழுத்துச் சுருக்கம். அஞ்சல்ங்கிற சொல்லையே பாருங்க, பழைய தமிழ்ல 'அஞ்சல்'னா பயப்படாதேன்னும் பொருள் உண்டு, திருவிதாங்கூர்ல 1951 வரைக்கும் அஞ்சல்ங்கிற பேர்லயே தனி தபால் துறை ஓடுச்சு. இப்ப யாராவது அதப் புரியலங்கிறாங்களா? பொழங்கப் பொழங்கத்தான் பழகும்.

மறுமொழி 4:
பெரியவங்க மன்னிக்கணும், பொருளப் பாக்காம வேர் தோண்டிட்டிருக்கோம். அணுகறது பாப்பும்தான் செய்யுது. படிச்சது, பதில் போட்டது, எந்த ஃபோல்டர்ல இருக்குங்கிற கணக்கு யார்கிட்ட இருக்குங்கிறதுதான் வித்தியாசம். ஐமேப்ல அது வழங்கிகிட்ட. பாப்3க்கு ஃபோல்டரே தெரியாது, ஒரே பெட்டி. 1996ல வந்த ஆர்எஃப்சி 1939 (பாப்3 எப்படி நடக்கணும்னு சொல்ற ஆவணம்) படி, அழிக்கச் சொன்ன மெயில் கூட ஒழுங்கா விடைபெற்று வெளிய வந்தாத்தான் அழியும், நடுவுல லைன் அறுந்தா அப்படியே இருக்கும். அதனால ஐமேப்புக்கு 'இருப்புநெறி', பாப்புக்கு 'எடுநெறி'. 1986ல மார்க் கிரிஸ்பின் ஐமேப்ப உருவாக்கினப்ப 'ஐ'க்கு விரிவு இன்டெரிம், அப்புறம் இன்டராக்டிவ் ஆச்சு, கடைசியாத்தான் இன்டர்நெட். அவங்களே மாத்தினத நாம ஏன் அப்படியே பிடிச்சுத் தொங்கணும்?

முதல் மடல் எழுதினவர், வியாழன் ராத்திரி:
எல்லாருக்கும் நன்றி. எடுநெறிக்கு அஞ்சு பேர் சரின்னுட்டாங்க. இருப்புநெறின்னா பேங்க் இருப்பு மாதிரி இருக்குன்னு நாலு பேர் தனிமடல் போட்டதால அணுகுநெறியே போகுது. முதல் தடவ வர்றப்ப பாப்3, ஐமேப்னு முன்னால போட்டுட்டேன். கெணறு, குடம் உதாரணத்த அய்யா அனுமதியோட சேத்துட்டேன்.

மறுமொழி 4 எழுதினவர்:
அச்சுக்குப் போகட்டும் அண்ணா. ஆனா அணுகுநெறிய நான் ஏத்துக்கல, அடுத்த பதிப்புக்கு முன்னாடி திரும்ப எழுதுவேன்.